எந்த லினக்ஸ்? யாருடைய லினக்ஸ்?

2025 ஒக்டோபர் 14 அன்று மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்தியது. பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பாவனையாளர்களுக்கு இன்னோர் ஆண்டு நீட்டிப்பு உண்டு. அதுவும் 2026 ஒக்டோபரோடு முடிந்துவிடும். வெள்ளவத்தையில் காலி வீதியை ஒட்டிய போட்டோக்கொப்பிக் கடைகள், ஒழுங்கைகளுக்குள் மேல்மாடிகளில் நடக்கும் ரியூசன் வகுப்புகள், கொட்டாஞ்சேனையில் கலியாணக் கார்ட்டும் மரண அறிவித்தலும் அடிக்கும் சிறு அச்சகங்கள் எல்லாவற்றிலும் பழைய கணினிகள் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றை விண்டோஸ் 11க்கு மாற்றலாம் என்றால், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் செயலியாக இருந்தால் பெரும்பாலும் 2017க்குப் பிறகு வந்த எட்டாம் தலைமுறையாகவும் இருக்க வேண்டும். 2014இல் வாங்கிய மடிக்கணினி எவ்வளவு நன்றாக ஓடினாலும் அந்த வாசலில் நின்றுவிடும்.

புதிதாக ஒன்று வாங்கலாம் என்பது கொழும்பில் எல்லோருக்கும் பொருந்துகிற பதில் இல்லை. 2022இல் ரூபாய் சரிந்தபோது டொலர் ஏறக்குறைய 200 ரூபாயிலிருந்து 360 ரூபாயைத் தாண்டிப் போனது. இறக்குமதியாகும் ஒவ்வொரு கணினியின் விலையும் கூடவே ஏறியது. ஓடுகிற இயந்திரத்தை ஒரு திகதிக்காகத் தூக்கிப்போட ரியூசன் ஆசிரியராலோ அச்சகக்காரராலோ முடியாது. கிராக் செய்த விண்டோஸைப் பழைய இயந்திரத்துக்குள் திணித்துத் தருபவர்களும் இருக்கிறார்கள். உரிமப் பூட்டை உடைக்கும் அந்தச் சிறு நிரலுக்குள் வேறென்ன ஒளிந்திருக்கிறது என்பது போடுபவருக்கும் தெரியாது, போடுவித்துக்கொள்பவருக்கும் தெரியாது. வங்கிக் கடவுச்சொல்லை அதே கணினியில்தான் தட்டுகிறோம்.

ஆகவே லினக்ஸ் போடுங்கள் என்று யாராவது சொல்வார்கள். நானும் அதைத்தான் சொல்வேன். அடுத்த கேள்வி உடனே வரும்: எந்த லினக்ஸ்? உபுண்டு, மின்ட், டெபியன், பெடோரா, ஓப்பன்சூசே, ஆர்ச், எம்எக்ஸ் என்று பெயர்கள் நீண்டுகொண்டே போகும். பெரும்பாலானோர் திரையின் அழகைப் பார்த்துத் தெரிவு செய்கிறார்கள். பின்னணிப் படமும் பட்டியலின் வடிவமும் பத்து நிமிடத்தில் மாற்றக்கூடியவை. மாற்ற முடியாதது ஒன்று உண்டு. அந்த இயங்குதளத்தை யார் பராமரிக்கிறார்கள், எத்தனை ஆண்டுகளுக்குப் பராமரிப்பதாகச் சொல்கிறார்கள், சொன்ன சொல்லைக் காப்பாற்றும் வலு அவர்களுக்கு இருக்கிறதா என்பதுதான் அது. தெரிவு செய்யும்போது முதலில் பார்க்க வேண்டியதும் அதையே.

கறாராகச் சொன்னால் லினக்ஸ் என்பது ஒரு கேர்னலின் பெயர். வன்பொருளுக்கும் மற்ற நிரல்களுக்கும் நடுவில் நின்று நினைவகத்தையும் செயலியின் நேரத்தையும் பங்கிட்டுக் கொடுக்கும் மையப்பகுதிதான் கேர்னல். ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் அதை வெளியிட்டார். அதற்கு எட்டாண்டுகள் முன்பே, 1983இல், அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் க்னூ திட்டத்தை அறிவித்து, யாரும் பாவிக்கவும் படிக்கவும் மாற்றவும் பகிரவும் கூடிய கட்டற்ற மென்பொருட்களை எழுதும் வேலையைத் தொடங்கியிருந்தார். இரண்டும் சேர்ந்தபோது ஓர் இயங்குதளத்தின் எலும்புக்கூடு கிடைத்தது. ஆனால் உலாவி, எழுத்துரு, அச்சுப்பொறி இயக்கி, அலுவலகச் செயலி என்று ஆயிரக்கணக்கான நிரல்களை வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு ஆட்கள் தங்கள் தங்கள் வேகத்தில் எழுதுகிறார்கள். அவற்றை எல்லாம் திரட்டி, ஒன்றோடொன்று முரண்படாத பதிப்புகளைத் தேர்ந்து, தொகுத்து, சோதித்து, ஓட்டை கண்டால் அடைத்து, நம் வீட்டுக் கணினி வரை கொண்டுவந்து சேர்க்க ஒரு கூட்டம் வேண்டும். அந்தக் கூட்டத்தின் உழைப்பைத்தான் லினக்ஸ் வழங்கல் என்கிறோம்.

2025 ஓகஸ்டில் வெளியான டெபியன் 13இல் 69,000க்கும் மேற்பட்ட மென்பொருள் பொதிகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாக ஓர் ஆளோ ஒரு குழுவோ உண்டு. பொதிகளின் பட்டியலுக்கு வழங்கலின் பொறுப்பாளர்கள் இலக்கமுறைக் கையொப்பம் இடுகிறார்கள். அந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்கும் பொதுச் சாவி உங்கள் கணினியில் ஏற்கனவே இருக்கும். எந்த நாட்டு வழங்கியிலிருந்து (சர்வரிலிருந்து) பொதி இறங்கினாலும், வழியில் யாராவது ஓர் எழுத்தை மாற்றியிருந்தால்கூட கணக்குப் பிழைத்துப் போய் கணினி அதை ஏற்க மறுத்துவிடும். எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாத கிராக் டிஸ்க்குக்கும் இதற்கும் உள்ள தூரம் பெரியது.

நூற்றுக்கணக்கான வழங்கல்கள் இருந்தாலும் வேர்கள் சில மட்டுமே. இயன் மர்டொக் 1993 ஓகஸ்டில் தொடங்கிய டெபியன் முழுக்கத் தன்னார்வலர்களால் நடத்தப்படுவது. அதை அடித்தளமாகக் கொண்டு தென்னாபிரிக்கரான மார்க் ஷட்டில்வர்த்தின் கனொனிக்கல் நிறுவனம் 2004 ஒக்டோபரில் உபுண்டுவை வெளியிட்டது. உபுண்டுவின் மேல் கட்டப்பட்டு 2006இல் வந்தது லினக்ஸ் மின்ட். இன்னொரு பக்கத்தில் ரெட் ஹட் நிறுவனம். அதன் ஆதரவில் 2003இலிருந்து நடக்கும் சமூக வழங்கல் பெடோரா. ஜேர்மனியில் வளர்ந்த சூசே, தனிவழி போகும் ஆர்ச், மிகப் பழைய ஸ்லக்வெயர் ஆகியவற்றையும் சேர்த்தால் குடும்பங்கள் ஏறக்குறைய முடிந்துவிடும். மற்றவற்றில் பெரும்பகுதி இவற்றின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான். இணையத்தை நம்பியிருக்க முடியாத அந்நாட்களில், 2005 முதல் 2011 வரை, உபுண்டு சீடிகளைக் கேட்டவர்களுக்குத் தபாலில் இலவசமாக அனுப்பிவைத்தார்கள். இலங்கையில் லினக்ஸை முதன்முதலில் தொட்டுப் பார்த்த ஒரு தலைமுறைக்கு அந்தத் தபாலுறை நினைவிருக்கும்.

இனிக் காலக்கணக்கு. டெபியன் ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு ஒரு நிலையான பதிப்பை வெளியிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் மூன்று ஆண்டு முழுப் பராமரிப்பு, பிறகு இரண்டு ஆண்டு நீட்டித்த பராமரிப்பு. உபுண்டு ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பைத் தந்தாலும், இரட்டை எண் ஆண்டுகளின் ஏப்ரலில் வருவதுதான் நீண்டகாலப் பதிப்பு; அதற்கு ஐந்து ஆண்டு. 24.04 பதிப்பும் அதன்மேல் நிற்கும் மின்ட் 22உம் 2029 வரை திருத்தங்கள் பெறும். பெடோராவின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறக்குறைய 13 மாதம்தான். அதற்குள் அடுத்ததுக்குத் தாவ வேண்டும். ஆர்ச் போன்றவற்றில் பதிப்பு என்ற பேச்சே இல்லை. புதிய மென்பொருள் எழுதப்பட்டதும் ஓடிக்கொண்டே வந்து சேரும்.

புதியதுதானே நல்லது என்று தோன்றும். அதற்கு மறுபக்கம் உண்டு என்பதை 2024 மார்ச் காட்டியது.

கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்-இசெட் என்ற சிறு மென்பொருள் ஒன்று உண்டு. கிட்டத்தட்ட எல்லா லினக்ஸ் கணினியிலும் இருக்கும், யாரும் கவனிப்பதில்லை. லாஸ்ஸே கொலின் என்ற ஒரே ஆள் பல ஆண்டுகளாக ஊதியமில்லாமல் அதைப் பராமரித்து வந்தார். 2021இல் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்தார். பொறுமையாக, ஒழுங்காக, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நல்ல திருத்தங்களையே அனுப்பினார். நம்பிக்கை வளர்ந்தது, வெளியிடும் உரிமையும் அவர் கைக்கு வந்தது. 2024 பெப்ரவரியில் வெளியான 5.6.0 பதிப்புக்குள்ளும், மார்ச்சில் வந்த 5.6.1 பதிப்புக்குள்ளும் சோதனைக் கோப்புகள் என்ற போர்வையில் ஒரு பின்கதவு மறைத்து வைக்கப்பட்டிருந்தது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையப் பாவிக்கும் எஸ்எஸ்எச் சேவை சில வழங்கல்களில் இந்த மென்பொருளையும் மறைமுகமாக இழுத்துக்கொள்ளும். அந்த இணைப்பின் வழியே, குறிப்பிட்ட இரகசியச் சாவி வைத்திருப்பவர் அந்தப் பதிப்புகள் ஓடும் அத்தகைய எந்த வழங்கிக்குள்ளும் நுழையக்கூடிய நிலை உருவாக இருந்தது. ஆபத்தின் அளவுக்கு 10க்கு 10 புள்ளி கொடுக்கப்பட்டது.

அதைக் கண்டுபிடித்தவர் அன்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட். போஸ்ட்கிரெஸ் தரவுத்தள வல்லுநர், மைக்ரோசொப்டில் பணியாற்றுபவர். டெபியனின் நிலையற்ற கிளை ஓடும் தன் கணினியில் எஸ்எஸ்எச் நுழைவு வழக்கத்தை விட ஏறக்குறைய அரை வினாடி கூடுதலாக எடுப்பதை அவர் கவனித்தார். அந்த அரை வினாடி எங்கே போகிறது என்று தோண்டிக்கொண்டே போனவர், மார்ச் 29 அன்று உலகுக்கு அறிவித்தார். மூலநிரல் திறந்திருந்ததால்தான் அவரால் தோண்ட முடிந்தது.

வழங்கலைத் தெரிவு செய்பவருக்கு இந்தக் கதையில் முக்கியமான இடம் அடுத்து வருகிறது. அந்தப் பதிப்புகள் டெபியனின் நிலையற்ற கிளைக்கும் சோதனைக்கிளைக்கும், பெடோராவின் வெளிவரவிருந்த பதிப்புக்கும், ஓப்பன்சூசேயின் ஓடும் பதிப்பான டம்பிள்வீடுக்கும், ஆர்ச்சுக்கும் போய்விட்டிருந்தன. டெபியனின் நிலையான பதிப்புக்குள் நுழையவில்லை. உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்பு எதற்குள்ளும் நுழையவில்லை. அவற்றில் மென்பொருள் பழையதாகவே இருக்கும், பாதுகாப்புத் திருத்தம் மட்டும் பின்னோக்கிப் பொருத்தப்படும். புதிய மென்பொருளில் உள்ள கோளாறுகளை முதலில் சந்திப்பவர்கள் சோதனைக்கிளைக்காரர்கள். அதைத் தெரிந்தே அவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். பிள்ளைகளின் க.பொ.த. சாதாரணதர வினாத்தாள்களைத் தட்டும் கணினி அந்த வரிசையில் முன்னால் நிற்க வேண்டியதில்லை. மாத அளவு போட்ட இணையப் பொதியில் வாராவாரம் நூற்றுக்கணக்கான மெகாபைட் புதுப்பிப்பு இறங்குவதும் பலருக்குக் கட்டாது.

நீண்ட வாக்குறுதி கொடுத்துவிட்டால் மட்டும் போதுமா என்றால், இல்லை. சென்ட்ஓஎஸ் என்ற வழங்கலை உலகெங்கும் நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் தங்கள் வழங்கிகளில் பாவித்தன. ரெட் ஹட்டின் விலையுள்ள பதிப்பை அச்சொட்டாக இலவசமாகத் தந்தது அது. 2019 செப்டெம்பரில் வந்த சென்ட்ஓஎஸ் 8க்கு 2029 வரை பராமரிப்பு உண்டு என்று சொல்லியிருந்தார்கள். 2020 டிசெம்பர் 8 அன்று, 2021 முடிவோடு நிறுத்தப்போவதாக அறிவிப்பு வந்தது. ஏழு ஆண்டுக்கு மேல் ஒரே நாளில் கழிந்துபோனது. திட்டத்தின் கட்டுப்பாடு ரெட் ஹட் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருந்ததால் அது முடிந்தது. ஆனால் மூலநிரல் கட்டற்றது என்பதால் மற்றவர்களின் கைகள் கட்டப்படவில்லை. சென்ட்ஓஎஸ்ஸின் தொடக்கக்காரர்களில் ஒருவரான கிரெகரி குர்ட்ஸர் ரொக்கி லினக்ஸைத் தொடங்கினார். கிளவுட்லினக்ஸ் நிறுவனம் அல்மாலினக்ஸைக் கொண்டுவந்தது. 2021இலேயே இரண்டும் பாவனைக்கு வந்துவிட்டன. லினக்ஸ் மின்ட் குழு உபுண்டுவை நம்பி நின்றாலும், நேரடியாக டெபியன் மேல் கட்டிய இன்னொரு பதிப்பையும் பராமரித்து வருகிறது. ஒருநாள் உபுண்டு கைவிட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கு அவர்கள் எடுத்து வைத்திருக்கும் பதில் அது. இப்படி யோசிக்கும் குழுவை நான் நம்புவேன்.

நம் நாட்டிலும் வழங்கல்கள் பிறந்தன. 2000களின் நடுப்பகுதியில் தப்ரபேன் என்ற பெயரில், நிறுவாமலே சீடியிலிருந்து ஓடக்கூடிய டெபியன் வழிவந்த வழங்கல் ஒன்று இலங்கையில் உருவானது. பிறகு பெடோராவை அடித்தளமாகக் கொண்டு, பேராதனைக்கு அருகிலுள்ள மலையின் பெயரில் ஹந்தானை லினக்ஸ் வந்தது. சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றையும் உள்ளே வைத்து, பாடசாலைக்கும் அலுவலகத்துக்கும் வேண்டிய செயலிகளையும் நிரப்பி, இணையம் மெதுவான இடத்திலும் டீவீடி ஒன்றே போதும் என்ற எண்ணத்தோடு தன்னார்வலர்கள் அதைப் பல பதிப்புகள் கொண்டுவந்தார்கள். அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் இன்று ஒருவர் கேட்டால் அவற்றை நிறுவச் சொல்ல மாட்டேன். ஒரு வழங்கலை உருவாக்குவதைக் காட்டிலும் வாராவாரம் பாதுகாப்புத் திருத்தங்களை விடாமல் வெளியிட்டுக்கொண்டிருப்பது பல மடங்கு கடினம். ஒருசிலர் தங்கள் மாலைநேரத்தில் செய்கிற காரியமாக அது நீடிப்பதில்லை. வேலை மாறும், குடும்பம் பெருகும், புலம்பெயர்வு நடக்கும், பதிப்பு நின்றுவிடும்.

அரசின் கை சேரும்போது நிலை வேறு. இந்தியாவில் சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு 2007இலிருந்து டெபியனை அடித்தளமாகக் கொண்ட பாஸ் லினக்ஸைப் பராமரித்து வருகிறது. கேரளம் இன்னும் தூரம் போனது. அங்கே அரசுப் பாடசாலைகளில் கணினிக் கல்வியே கட்டற்ற மென்பொருளில் நடக்கிறது. மாநில அரசின் கைட் நிறுவனம் உபுண்டுவைப் பாடத்திட்டத்துக்கு ஏற்பத் தகவமைத்துத் தருகிறது. கேரளத்தின் வெற்றிக்குக் காரணம் வழங்கலின் சிறப்பு என்று நான் நினைக்கவில்லை. ஆசிரியர்களைப் பெருந்தொகையில் பயிற்றினார்கள், பாடநூலும் இயங்குதளமும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி பார்த்துக்கொண்டார்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியருக்கும் அதே இயங்குதளம் தெரியும் என்பதுதான் அங்கே பெரிய பலம்.

இலங்கையின் பெரிய சாதனை வழங்கல் அல்ல, சகானா. 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, காணாமல் போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருட்களையும் கணக்கில் வைக்க, லங்கா சொப்ட்வெயர் பவுண்டேஷனின் ஒருங்கிணைப்பில் கொழும்பில் தன்னார்வலர்கள் சில வாரங்களுக்குள் எழுதிய மென்பொருள் அது. லினக்ஸ், அப்பாச்சி, மைஎஸ்கியூஎல், பிஎச்பி என்று எல்லாமே கட்டற்ற அடித்தளம். பின்னர் பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ் பேரிடர்களிலும் உதவியது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2006ஆம் ஆண்டின் சமூகப் பயன் விருதை அதற்கு அளித்தது. உரிமத்துக்காகக் காத்திராமல் அந்த வாரமே வேலையைத் தொடங்க முடிந்தது என்பதை மறக்கக்கூடாது.

உள்ளூர் வழங்கல்கள் நின்றுபோனாலும், இலங்கைக்காரர்கள் அடித்தளத் திட்டங்களுக்கு நேரடியாகக் கொடுத்தவை நிற்கவில்லை. இலங்கை லினக்ஸ் பாவனையாளர் குழுவின் சிங்கள எழுத்துரு இன்றும் டெபியனில் ஒரு பொதியாக இருக்கிறது. லினக்ஸின் அடிப்படை நூலகத்தில், இந்தியத் தமிழுக்கு ஒன்றும் இலங்கைத் தமிழுக்கு ஒன்றுமாக இரண்டு வட்டார அமைப்புகள் தனித்தனியே உள்ளன. நாணயக் குறியும் திகதியும் நம் நாட்டு வழக்கப்படி வருவதற்கு இது வேண்டும். விசைப்பலகைப் பட்டியலில் இலங்கை என்று தெரிவு செய்தால் அதன்கீழ் தமிழ்99 இருக்கும். எம்17என் என்ற உள்ளீட்டுத் தொகுப்பில் இலங்கையின் ரெங்கநாதன் விசைப்பலகை தனியாகவே உண்டு. பெரிய வேரில் ஒருமுறை சேர்ந்துவிட்டால் உபுண்டு, மின்ட், பெடோரா என்று எல்லாக் கிளைக்கும் அது போய்ச் சேரும். தமிழுக்காக உழைக்க விரும்பும் இளைஞர்களிடம், இன்னொரு தமிழ் லினக்ஸ் செய்யாதீர்கள், டெபியனுக்கும் லிப்ரே ஒஃபிஸ் என்ற அலுவலகச் செயலிக்கும் செய்யுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

தமிழ் என்று வந்துவிட்டதால் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். கொழும்பில் வழங்கலைத் தெரிவு செய்யும் தமிழருக்கு உண்மையான தடை கேர்னலிலோ திரையிலோ இல்லை, பாமினியில் இருக்கிறது.

பாமினி, யூனிகோட்டுக்கு முந்திய எழுத்துரு. ஆங்கில எழுத்துகளுக்குரிய குறியீட்டு எண்களின் மேல் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தது. கணினியைப் பொறுத்தவரை அந்தக் கோப்பில் இருப்பது ஆங்கில எழுத்துகளும் நிறுத்தற்குறிகளும்தான். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கிலக் குவியல் தெரியும். தேடினால் கிடைக்காது, அகரவரிசைப்படுத்த முடியாது. யூனிகோட்டில் தமிழுக்கென்று 128 இடங்கள் கொண்ட தனிப் பகுதி உண்டு. 'கொ' என்று தட்டினால் 'க' என்ற அடிப்படை எழுத்தும் ஒகரக் குறியும் என்று இரண்டு எண்கள் மட்டும் சேமிக்கப்படும். ஒற்றைக்கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் பிரித்து வைக்கிற வேலையைத் திரைக்குக் கொண்டுவரும்போது ஹார்ஃப்பஸ் என்ற கட்டற்ற நூலகம் செய்கிறது. லினக்ஸ் டெஸ்க்டொப்புகளிலும் பயர்பொக்ஸிலும் குரோமிலும் லிப்ரே ஒஃபிசிலும் இதே நூலகம்தான். ஆகவே எந்த முதன்மை வழங்கலை எடுத்தாலும் யூனிகோட் தமிழ் ஒரே தரத்தில் தெரியும்.

பழைய பாமினிக் கோப்புகளை என்ன செய்வது? எழுத்துருக் கோப்பை லினக்ஸிலும் நிறுவலாம்; வேர்ட் ஆவணங்களை லிப்ரே ஒஃபிசில் திறந்தால் தமிழ் தெரியும். நாளடைவில் மாற்றி நிரல் ஒன்றின் வழியாக யூனிகோட்டுக்குக் கொண்டுவந்துவிடுவது நல்லது. தட்டச்சுப் பழக்கம் மாறாமல் இருக்க வேண்டுமானால் ரெங்கநாதன் அமைப்பைத் தெரிவு செய்யலாம். இலங்கைத் தர நிறுவனத்தின் எஸ்எல்எஸ் 1326 தரத்தோடு இணைந்த விசைப்பலகை அது. தட்டச்சுப்பொறி மரபை ஒட்டியது. புதிதாகப் பழகும் பிள்ளைக்குத் தமிழ்99. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டின் பயனாக அமைந்த அந்தத் தளக்கோலத்தில், இடக்கைக்கு உயிரும் வலக்கைக்கு மெய்யும் பெரும்பாலும் பிரிந்து நிற்பதால் வேகம் சீக்கிரம் வரும். மும்மொழியிலும் தட்டுபவருக்கு ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியில் மூன்றையும் சேர்த்து ஒரே விசைச் சேர்க்கையில் மாறிக்கொள்ளும் வசதி உண்டு.

கொட்டாஞ்சேனை அச்சகக்காரருக்கு நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். ஆண்டுக்கணக்கில் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் சேர்த்து வைத்த கோப்புகள் உங்கள் தொழிலின் முதல். லிப்ரே ஒஃபிஸ் 2015இலிருந்து பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கிறது. ஆனால் அமைப்பு அப்படியே வருமென்று நம்பி வாடிக்கையாளரின் கலியாணக் கார்ட்டைக் கையில் எடுக்காதீர்கள். பழைய விண்டோஸ் இயந்திரம் ஒன்றை இணைய இணைப்பில்லாமல் அந்த வேலைக்கென்றே ஒதுக்கிவிட்டு, மின்னஞ்சல், வட்ஸ்அப், வங்கி, புதிய வேலைகள் எல்லாவற்றையும் லினக்ஸுக்குக் கொண்டுவாருங்கள்.

வன்பொருளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நினைவகம் 4 ஜிபியோ அதற்கு மேலோ இருந்தால் மின்டின் சின்னமன் டெஸ்க்டொப் வசதியாக ஓடும். குறைவாக இருந்தால் அதே மின்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்போ உபுண்டுவின் இலகு வடிவமான லுபுண்டுவோ போதும். உண்மையில் நினைவகத்தைத் தின்பது டெஸ்க்டொப் அல்ல, உலாவி. இருபது தாவல்களைத் திறந்து வைத்தால் எந்த வழங்கலும் உதவாது. சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டுச் சிறிய எஸ்எஸ்டி ஒன்றைப் போடுவது எந்த இயங்குதள மாற்றத்தையும் விடக் கண்கூடான வேகத்தைத் தரும். மிகப் பழைய 32-பிட் இயந்திரமானால் வழி சுருங்கிவிட்டது. டெபியன் 13 அவற்றுக்கான நிறுவியைக் கைவிட்டுவிட்டது. டெபியன் 12 மட்டும் 2028 நடுப்பகுதி வரை நீட்டித்த பராமரிப்பில் இருக்கும். வைஃபை சில்லுகள் பலவற்றுக்கு உற்பத்தியாளரின் மூடிய ஃபேம்வெயர் நிரல் வேண்டும். தூய்மை கருதி டெபியன் அதை நிறுவியில் சேர்க்காமல் பல ஆண்டுகள் இருந்தது. 2022இல் உறுப்பினர்கள் வாக்களித்து அந்தக் கொள்கையை மாற்றினார்கள். 2023இல் வந்த டெபியன் 12 முதல் அதிகாரபூர்வ நிறுவியிலேயே அது உண்டு. மூடிய நிரல் எதுவும் வேண்டாம் என்று நிற்பவர்களின் உறுதியை நான் மதிக்கிறேன். ஆனால் வைஃபை இல்லாத மடிக்கணினியை ஒரு மாணவியின் கையில் கொடுத்தால் அவள் மறுநாளே கிராக் விண்டோஸுக்குப் போய்விடுவாள்.

2022இல் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் போன நாட்களைக் கண்ட ஊர் இது. புதுப்பிப்பு நடக்கும்போது நடுவில் மின்சாரம் நின்றால் பொதிகள் பாதியில் தொங்கும். மின்டில் உள்ள டைம்ஷிஃப்ட் கருவி முந்தைய நிலையின் பிரதியை வைத்துக்கொள்வதால் திரும்பிப் போகலாம். முழு இயங்குதளத்தையும் ஒரே உருவமாக மாற்றி, பிழைத்தால் பழைய உருவத்துக்கே திரும்பும் பெடோரா சில்வர்புளூ போன்ற புதுவகை வழங்கல்களும் வந்துவிட்டன. மின்கலம் செத்த மடிக்கணினிக்கு அந்த முறை பொருத்தமானது.

என் தெரிவு இது. வீட்டுக்கும் ரியூசன் வகுப்புக்கும் லினக்ஸ் மின்ட். கடையில் இரவுபகலாக ஓடி, யாரும் தொடாமல் இருக்க வேண்டிய கணினிக்கும் சிறு வழங்கிக்கும் டெபியன் நிலையான பதிப்பு. பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கும் பிள்ளைக்கு உபுண்டு நீண்டகாலப் பதிப்போ பெடோராவோ. பாடத்துக்கும் பிறகு வேலைக்கும் அந்த அறிவு நேராக உதவும். ஆர்ச், உள்ளே என்ன நடக்கிறது என்று கற்றுக்கொள்ள ஆசைப்படுபவருக்கு இரண்டாவது கணினியில் அருமையான பள்ளிக்கூடம். இந்தப் பட்டியலை ஒரு காரணம் மட்டும் மாற்றலாம். உங்கள் மைத்துனருக்கோ பக்கத்து மாடிக்காரருக்கோ வேறொரு முதன்மை வழங்கல் நன்றாகத் தெரியுமென்றால், அதையே போடுங்கள். இரவு பத்து மணிக்கு அச்சுப்பொறி வேலை செய்யாதபோது கதவைத் தட்டக்கூடிய ஆள்தான் முக்கியம்.

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவுக்குப் பழைய மடிக்கணினி வாங்கப் போகிறவர்கள் வீட்டிலேயே ஒரு பென் டிரைவில் மின்டை எழுதி எடுத்துப் போங்கள். இறக்கிய கோப்பின் சரிபார்ப்பு எண்ணை வழங்கலின் சொந்தத் தளத்தில் உள்ள எண்ணோடு முதலில் ஒப்பிட்டுவிடுங்கள். கடையில், எதையும் நிறுவாமல், பென் டிரைவிலிருந்தே கணினியை இயக்குங்கள். வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, கமெரா தெரிகிறதா, மூடித் திறந்தால் விழிக்கிறதா என்று பாருங்கள். எழுதியைத் திறந்து 'ஸ்ரீ', 'க்ஷ', 'கொ', 'கௌ' தட்டிப் பாருங்கள். பதினைந்து நிமிடம் போதும். சோதித்துப் பார்க்க விடாத கடையென்றால் அடுத்த கடை பத்தடி தூரத்தில் இருக்கிறது.